ஒரு சாலையின் முன்னெழுத்து

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதற்குள் யாராவது தாரின் சூட்டைப் பற்றியும் ஜல்லியின் அளவைப் பற்றியும் வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் பயிற்சி. நான் சொல்ல வந்தது ஓர் எழுத்தைப் பற்றி. ஒற்றை எழுத்து, அதன் தலைமேல் ஒரு சின்ன வளைவு. சாலையில் எத்தனையோ வளைவுகளைப் பார்த்த எனக்கு அந்த வளைவில்தான் வண்டி கவிழப் பார்த்தது.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாததால் சாலை வேலைக்கு வந்தேன். அதே காரணத்தால் வெளியேயும் போனேன். நடுவில் ஓடிய காலம் முழுக்கத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில்தான். ஜீப்பின் கண்ணாடியில் பனைகள் வந்து வந்து பின்னால் போகும். ஏரி நிறைந்தால் கொக்கு, வற்றினால் ஆடு. புதுத் தார் ஆறியதும் அதன்மேல் முதலில் ஏறுவது லாரி என்று நினைப்பீர்கள். இல்லை, மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். விடிவதற்குள் யாரோ கூடையில் கொண்டுவந்து ஓரமாகப் பரப்பியிருப்பார்கள். அடுத்த பருவத்தில் கேப்பை வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சமமான, இவ்வளவு சூடான களத்தை அவர்களுக்கு வேறு யார் போட்டுக் கொடுத்தார்கள்?

இன்னொன்றுக்கும் பழகிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது வண்டிகளை நிறுத்துவீர்கள். சிவப்புக் கொடியைக் கண்டதும் ஒருவர் தலையை வெளியே நீட்டுவார். "இன்னா, உங்கப்பன் வூட்டு ரோடா?" என்பார். ஆணா பெண்ணா, அதிகாரியா கூலியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். வாயைத் திறக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஊரின் பெயர்ப் பலகையில் பெரிய 'ள' வர வேண்டிய இடத்தில் சின்ன 'ல' விழுந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த ஓர் எழுத்தின் மேல் மட்டும் சாணி. மற்ற எழுத்துகளில் ஒரு பொட்டுக்கூட இல்லை, அவ்வளவு குறி. துடைத்தோம். மறுபடி சாணி. அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி வந்து பார்த்தார். அவர் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார், விட்டுவிடுகிறேன். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"திருத்தம் வந்துடுச்சும்மா. ஏத்துக்க" என்றார். வண்டி கிளம்பும்போதுதான் மீதியைச் சொன்னார். "இனிமே போர்டு வச்சா, அது யாரோட பேரோ அவங்க ஆளு ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டு. ஊரையே கூட்ட வேணாம். ஒருத்தர் போதும்."

எந்தக் கையேட்டிலும் இல்லாத அந்த விதியை நான் ஒருபோதும் விட்டதில்லை. பேராசிரியர் ஏகாம்பரத்தின் பலகை என்னைக் கவிழ்க்காமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

பேராசிரியரை நான் பார்த்ததே இல்லை. நான் படித்தது வேறு ஊரில். ஆனால் திண்டிவனத்தில் சாலை வேலை பார்த்துக்கொண்டு அவரைத் தெரியாமல் இருப்பது முடியாத காரியம். எங்கள் ஒப்பந்தக்காரர் ரஹீம் பாய் அவருடைய மாணவர். எங்கள் கோட்டப் பொறியாளர் அவருடைய மாணவர். ஜல்லி அனுப்புகிறவரின் மகள்கூட அவருடைய மாணவிதான். சென்னையில் ஒரு கல்லூரியில் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், வார விடுமுறையில் ரயிலேறி வந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் சும்மாவே பாடம் எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு வாரம் முழுக்கவும் இங்கேதான்.

பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து பனமலைப் பக்கமாகப் போகும் நம் நெடுஞ்சாலையில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு உண்டு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் அங்கே சாயும். சாய்ந்த அன்று ஊரெல்லாம் கரும்பு தின்னும், ஓட்டியவன் ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிப்பான். பேராசிரியர் மாணவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பாருங்க" என்பாராம். அவ்வளவுதான் பாடம். பகல் முழுக்கப் பார்க்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவரும், சாலை என்ன சொல்கிறது என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகள் அளந்து வரைந்ததுதான் பிறகு துறைக்கு வந்து, வளைவின் வெளிப்பக்கம் உயர்த்தப்பட்டது. டிராக்டர்கள் அங்கே படுப்பதை விட்டுவிட்டன.

அவர் காலமானதும், அந்த வளைவைச் சேர்ந்த நீளத்துக்கே அவர் பெயரை வைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். மேலிடம் சம்மதித்தது. ஆணை வந்தது. 'டாக்டர் பி. ஏகாம்பரம் நெடுஞ்சாலை' என்று இருந்தது. அதை அப்படியே பலகையில் ஏற்றினோம்.

விழாவுக்கு முந்தின நாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நீலப் பலகை ஏரிக்கரையில் கம்பீரமாக நின்றது. ரஹீம் பாய் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஜம்முனு கீது மேடம். துணியப் போத்திடலாமா?"

"இருங்க பாய். ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டணும்."

பேராசிரியரின் தங்கை அஞ்சலை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் இருந்தார். கல்யாணம் கட்டிக்கொண்டு அதே ஊரில் நின்றுவிட்டவர், மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போகிறவர். அவரைக் கூட்டிவர ஜீப்பை அனுப்பியிருந்தேன். ஜீப் திரும்புவதற்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நாலைந்து இளைஞர்கள் இறங்கினார்கள். கடைசியாக வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் இறங்கினார். கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை.

சாலைக்கு அந்தப் பக்கம் 'ஏகா கார்டன்' என்ற வீட்டுமனைகளைப் போட்டு விற்றுக்கொண்டிருந்த மனைக்காரர் அவர். அவர் பெயரும் ஏகாம்பரம். எங்கோ ஒரு மேடையில் அவருக்கும் கறுப்பு அங்கி மாட்டி, சமூக சேவைக்காக என்று டாக்டர் பட்டம் கொடுத்திருந்தார்கள். இளைஞர்கள் அவரைப் பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அடுத்த கணம் ஒருவன் தன் போனைப் பார்த்துப் படித்தான்: "எங்கள் அண்ணன் பெயரில் நெடுஞ்சாலை. அனுப்பிட்டண்ணா. எல்லா குரூப்புக்கும் போயிடுச்சு."

நான் ஓடினேன்.

"சார், இது உங்க பேரு இல்ல."

"பின்ன யாரு பேரு மேடம்? டாக்டரு நானு. ஏகாம்பரம் நானு. எங்கப்பா பிச்சாண்டி, அதனால பி. வேற இன்னா வேணும்? ஆதார் காட்டவா?"

கேலியாகச் சொல்லவில்லை. மனதார நம்பியிருந்தார். அரசாங்கம் தன்னை இவ்வளவு காலம் கழித்தாவது கண்டுகொண்டதே என்று அவர் கண் லேசாகக் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை.

"இவர் காலேஜ் புரொபசர் சார். காலமாயிட்டாரு."

அவர் பலகையை விட்டுச் சட்டென்று விலகி நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. அஞ்சலையம்மா மண் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இறங்கினார். முதலில் பலகையைப் பார்க்கவில்லை, மனைக்காரரின் மாலையைத்தான் பார்த்தார்.

"இன்னா மேடம், போட்டோவுக்கு மாலை போடுவாங்க. இங்க ஆளையே மாலை போட்டு நிக்க வச்சிருக்கீங்க?"

ரஹீம் பாய் பக்கென்று சிரித்துவிட்டார். மனைக்காரர் அவசரமாக மாலையைக் கழற்றி இளைஞன் ஒருவனிடம் கொடுத்தார். அஞ்சலையம்மா நிமிர்ந்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"டாக்டர். சரி." நின்றார். "பி. பி-ன்னா யாரு?"

"இனிஷியல்மா" என்றேன். சொன்னபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கப்பன் பேரு பாவாடை. அதுக்கு 'பா'தான வரும்? 'பி' எங்கேருந்து வந்துது?"

ஆணையின் நகலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 'பி'தான்.

நடந்தது இதுதான். சான்றிதழ்களில் அவர் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கியவர் ஆங்கில எழுத்தின் ஓசையை அப்படியே தமிழில் எழுதிவிட்டார். நாம் அத்தனை பேரும் செய்கிறதுதான். எஸ் என்போம், ஆர் என்போம், அந்த எழுத்துக்குள் இருக்கிறவர் சண்முகமா ராமசாமியா என்று யோசிக்க மாட்டோம். அப்பாவை ஆங்கிலத்தில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தைத் தமிழில் ஒலிபெயர்த்து, கடைசியில் யாருடைய அப்பாவாகவும் இல்லாத ஓர் எழுத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிவோம். இந்தத் தப்பு நம் ஊரில் மட்டும்தான் நடக்க முடியும். இங்கே கூடுதலாக, அந்த எழுத்து இன்னொருவருடைய அப்பாவாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

"பி-ன்னா எங்கப்பா" என்று மனைக்காரர் மெதுவாகச் சொன்னார். "பிச்சாண்டி."

"அப்ப இது உன் ரோடா?"

"நான் ஒண்ணும் கேட்டு வாங்கல ஆயா."

"ஆயாவா? உன் மூஞ்சிக்கு நான் அக்காடா."

இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அஞ்சலையம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நான் வரல மேடம். அண்ணன் மெட்ராஸுக்குப் படிக்கப் போனப்ப அப்பன் பேரக் கேட்டு அத்தினி பேரும் சிரிச்சானுங்களாம். மாத்திக்கடான்னு சொன்னவன் எத்தினி பேரு. அது மாத்திக்கல. உசுரோட இருந்த வரிக்கும் மாத்திக்கல. செத்தப்புறம் நீங்க மாத்திட்டீங்க."

குரல் உயரவே இல்லை. 'தண்ணி வரல' என்று சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் எனக்கு வியர்த்தது.

இந்த இடத்தில் நிலைமை உங்களுக்கும் தெளிவாக இருக்கட்டும். மறுநாள் காலையில் விழா. பெரியவர்கள் வருகிறார்கள். பந்தல் போட்டாகிவிட்டது. படம் எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. துணி விலகும்போது இந்த எழுத்து நின்றால், எதிரிலேயே 'ஏகா கார்டன்' அலங்கார வாயில் நிற்க, இந்தச் சாலை காலத்துக்கும் மனைக்காரருடையது. ஆணையைத் திருத்த மேலிடத்துக்கு எழுதினால் பதில் வருவதற்குள் ஏரி ஒருமுறை நிறைந்து வற்றும்.

"சின்ன வேல மேடம்" என்றார் ரஹீம் பாய். "'பி' மேல கீற வளைவச் சுரண்டிட்டு, பக்கத்துல ஒரு கால் நட்டுட்டா 'பா'. ஜல்தியா முடிச்சிடலாம்."

மனைக்காரரின் பையன் ஒருவன், "பா-ன்னு போட்டாலும் எங்க அண்ணன்தான்னு நினைப்பாங்க மேடம். ஒரு கால யாரு பாக்கப் போறாங்க" என்றான். பெருமையாகச் சொன்னான். ஆனால் சரியாகச் சொன்னான்.

"காலு மட்டும் எதுக்கு?" என்றார் அஞ்சலையம்மா. "எங்கப்பனுக்கு ஒடம்பு முழுக்க இருந்துது. முழுசா எழுதறது."

கோட்டப் பொறியாளருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆணையில என்ன இருக்கோ அதுதான் மேடம் போர்டுல இருக்கணும். வேணும்னா 'பா' போடுங்க, கண்டுக்க மாட்டாங்க. பாவாடைன்னு முழுசாப் போட்டா பேஜாரு. மைக்ல வேற படிக்கணும். ஜனங்க சிரிச்சிடுவாங்க. அவரோட மரியாதைய நாமளே கெடுத்த மாதிரி ஆயிடும்."

போனை வைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரஹீம் பாய், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சிரிப்பாங்கன்னா சொல்றாரு? மொத நாள் கிளாஸ மறந்துட்டாரு போல. சார் உள்ள வருவாரு. ஒண்ணுமே பேச மாட்டாரு. போர்டுல பெருசா எழுதுவாரு, 'பாவாடை மகன் ஏகாம்பரம்'னு. கிளாஸே சிரிக்கும் மேடம். நானும் சிரிச்சேன். கையக் கட்டிக்கினு நிப்பாரு. கடேசி ஆளு சிரிச்சு முடிக்கிற வரிக்கும் நிப்பாரு. அப்புறம் கேப்பாரு, 'சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இது எங்கப்பா பேரு. எங்க சாமி பாவாடைராயன் பேரு. பேரக் கேட்டுச் சிரிக்கிறவன் எவனும் அந்த ஆள அளந்து பாத்ததில்ல. நம்ம வேல அளக்கறது. ஆரம்பிக்கலாமா?' அதோட பாடம் ஆரம்பிச்சிடும்."

அஞ்சலையம்மா இதைக் கேள்விப்பட்டதே இல்லை. முகம் மாறியது. "அப்பன் பேர போர்டுலயே எழுதிச்சா?" என்று கேட்டார். "சாக்பீஸ்லயா பாய்?"

"ஒவ்வொரு வருஷமும்மா."

நான் ஏரிக்கரையில் நடந்தேன். நடக்காமல் எனக்கு யோசனை வராது. முன்னெழுத்து என்பது என்ன? மடித்து வைத்த அப்பா. ஆணை அவரை மடித்து வைத்திருக்கிறது, அதுவும் தப்பான மடிப்பில். பெயருக்கு முன்னால் வரும் எழுத்தைத் தமிழில் எழுது என்று அரசே சொல்கிறது. மடித்ததைப் பிரித்து வைத்தால் பெயர் மாறிவிடுமா? 'டாக்டர்' என்றிருப்பதைத் தமிழில் 'முனைவர்' என்று எழுதினால் ஆள் மாறிவிடுவாரா? இதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வந்து, ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, ஆணையிலுள்ள பெயரைத் தமிழ் முன்னெழுத்து முறைப்படி விரித்து எழுதுகிறேன் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படம் எடுத்துக் கோட்டப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலதிகாரியிடம் "என்ன சார் செய்யலாம்" என்று கேட்டால் அவருடைய பயம்தான் பதில் சொல்லும். "இதைச் செய்கிறேன், என் கையெழுத்தில்" என்று சொன்னால் அவரே பதில் சொல்வார். முதல் போனில் நான் கேட்ட கேள்விதான் தப்பு.

"சார், பார்த்தீங்களா? பிரச்சினை வந்தா என்னோடது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மொத நாள் கிளாஸ்ல நீங்க சிரிச்சீங்களா?"

மறுமுனையில் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"நான்தான் மேடம் கடைசியா சிரிச்சு முடிச்சவன்" என்றார். "எனக்காகத்தான் ரொம்ப நேரம் நின்னாரு." பிறகு தொண்டையைச் செருமினார். "எழுதுங்க. மைக்ல நானே படிக்கிறேன்."

இனி எழுத்து வேண்டும். பலகையில் ஒட்டும் ஒளிரும் எழுத்துகளை வெட்டித் தரும் கடை விழுப்புரத்தில் அன்று பூட்டியிருந்தது. ரஹீம் பாய் போனில் யார் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அதுவரை ஓரமாக நின்றிருந்த மனைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"விக்கிரவாண்டியில நம்ம ஃப்ளெக்ஸ் கடை இருக்குது மேடம். வெட்டற மெஷினு இருக்குது. பசங்கள அனுப்பறேன்."

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"இன்னா பாக்கறீங்க? எம்பேர எடுக்கறதுக்கு என் கடையிலயே எழுத்து வெட்டறேன். இதாண்டா சமூக சேவை. டாக்டர் பட்டம் சும்மா குடுத்தானுங்களா?"

இந்த முறை அஞ்சலையம்மா சிரித்துவிட்டார். பையன் கையில் தொங்கிக்கொண்டிருந்த ரோஜா மாலையைக் காட்டி, "அத தண்ணி தெளிச்சு வையி தம்பி. நாளைக்கு எங்க அண்ணனுக்கு ஆவும்" என்றார். மனைக்காரரையும் விடவில்லை. "நீ நூறு வருஷம் இரு. அதுக்கப்புறம் உனக்கும் ஒரு ரோடு போட்டுக் குடுக்கச் சொல்றேன்."

"குறுக்குச் சந்தா இருந்தாலும் பரவால்லக்கா" என்றார் அவர்.

பொழுது சாய்வதற்குள் எழுத்துகள் வந்தன. ரஹீம் பாய் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக ஒட்டினார். கீழே நின்று அஞ்சலையம்மா, "கொஞ்சம் எறக்கு பாய், அப்பன் சாயறாரு" என்று மட்டம் பார்த்தார். முனைவர் பாவாடை ஏகாம்பரம் நெடுஞ்சாலை. இப்போது அவருக்குப் படித்துக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே எங்களுக்குப் படித்துக் காட்டினார், இரண்டு முறை.

மறுநாள் பந்தல் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் பேராசிரியரின் மாணவர்கள், தலை நரைத்தவர்களும் நரைக்காதவர்களும். மீதிப் பேர் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். வந்த பெரியவர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கோட்டப் பொறியாளர் மைக்கைப் பிடித்து, நன்றாக நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "முனைவர். பாவாடை. ஏகாம்பரம். நெடுஞ்சாலை."

பின்வரிசையில் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. நடுவரிசையில் ஒரு பெரிய மனிதர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் அஞ்சலையம்மாவைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கோட்டப் பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. மைக்கைத் தாங்கியில் மாட்டினார். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். நின்றார்.

முதல் வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மாணவர்களில் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இது எந்த வகுப்பு என்று. சிரிப்பு ஓயும்வரை, கடைசிப் பிள்ளை வாயை மூடும்வரை, அவர் அப்படியே நின்றார். பிறகு மைக்கின் பக்கம் குனிந்தார்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா?"

பந்தல் அதிர்ந்தது. அவ்வளவு பொறியாளர்கள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விஷயம் தெரியாத பெரியவரும் சேர்ந்து கைதட்டினார். அஞ்சலையம்மா மட்டும் அசையாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுத்து எதுவும் சாய்ந்துவிடாமல் கண்ணாலேயே பிடித்துக்கொண்டிருப்பது போல.

என் நாலு வரிக் கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. பதில் எழுதினேன். பிறகு ஆணையையே திருத்தி அனுப்பினார்கள். அதெல்லாம் கோப்பு வேலை, உங்களுக்கே பழகிவிடும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் விழுப்புரத்தில் அந்தப் பக்கத்துப் பேருந்தில் ஏறினேன். காரணமில்லை, கால் நிற்காததுதான் காரணம். ஏரிக்கரை நெருங்கும்போது நடத்துநர் விசிலை ஊதிவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பாவாடை ரோடு. பாவாடை ரோடு எறங்கறவங்கல்லாம் வாங்க. ஜல்தி."

முனைவர் போய்விட்டது. ஏகாம்பரம் போய்விட்டது. நெடுஞ்சாலை ரோடாகிவிட்டது. மிஞ்சியிருப்பது நாங்கள் பிரித்து வைத்த அந்த ஒரு மடிப்பு மட்டும். பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கூடையை எடுத்துக்கொண்டு, "பாவாடை ரோட்டுல ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணா" என்று சாதாரணமாகச் சொல்லி இறங்கினாள். நானும் இறங்கினேன். நிழற்குடையில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது: 'பாவாடை ரோட்டின் மேலேயே வீட்டுமனைகள். அணுகவும்: டாக்டர் பி. ஏகாம்பரம்.'

வளைவைத் தாண்டி, சாலையோரத்தில் அஞ்சலையம்மா மல்லாட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். காலால் கிளறிவிட்டபடியே என்னைப் பார்த்தார்.

"வாங்க மேடம். வேலய விட்டுட்டு இன்னும் ரோட்டுலதான் சுத்திக்கினு இருக்கீங்களா?"

எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். "அம்மா, அண்ணன் பேரு வைக்கத்தான நாம அவ்வளவு பாடுபட்டோம். பஸ்ஸுல அவர் பேரையே விட்டுட்டாங்களே."

"தெரியும் மேடம். அண்ணனுக்கு வாங்கின சட்டய அப்பன் போட்டுக்கினாரு." குனிந்து ஒரு கைப்பிடி மல்லாட்டையை அள்ளி என் கையில் கொட்டினார். "அண்ணன் இருந்திருந்தா ரொம்ப சிரிச்சிருக்கும். அதுக்கு இதான் வேணும். அந்தக் காலத்துல எங்கப்பன் செருப்பக் கழட்டிக் கையில தூக்கிக்கினு நடந்த ரோடு இது."

நான் மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர், வளைவில் சாயாமல் அழகாகத் திரும்பி வந்தது. பரப்பியிருந்த மல்லாட்டையைப் பார்த்ததும் ஓட்டியவன் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டினான்.

"ஏ ஆயா, பாதி ரோட்ட அடைச்சு வச்சிக்கினு கீற. இது இன்னா உங்கப்பன் வூட்டு ரோடா?"

அஞ்சலையம்மா நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்தார். அவசரமே இல்லாமல் திரும்பி நீலப் பலகையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஆமாண்டா" என்றார். "எங்கப்பன் வூட்டு ரோடுதான். ஓரமா போ."